அலை காட்டிக் கொடுத்த முருகன் கோயில்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பம் கரை மணலை வாரிச் சென்றபோது, பாறையில் மறைந்திருந்த கல்வெட்டுகள் வெளிப்பட்டன. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்து எழுத்து ஒன்று, திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைப் பேசியது. கோயிலைத்தான் காணவில்லை!

2005-இல் இந்தியத் தொல்லியல் துறை பக்கத்து மணல்மேட்டைத் தோண்டியது. முதலில் பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம். அதற்கும் அடியில், வடக்கு நோக்கிய செங்கல் கோயில். அது சங்க காலத்தது என்பது அகழாய்வாளர் கணிப்பு. எதிரே கல்லில் செதுக்கிய வேலும் கிடைத்தது.

மாமல்லபுரம் வரும் கூட்டத்தில் பலர், யாளி முகங்கள் சூழ்ந்த புலிக்குகையோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே சிறிது நடந்தால் போதும், இந்தக் கோயில் வந்துவிடும்; நடக்காதவர்களுக்குத்தான் இழப்பு.

செங்கற்கள் மிகப் பழையவை. தயவுசெய்து மேலே ஏறாதீர்கள்.