பொதுச் சாவி யார் கையில்?



இன்று சிறு மளிகைக் கடை முதல் மொத்த மண்டி வரை பில் போடுவதும், இருப்புப் பார்ப்பதும், ஜி.எஸ்.டி. கணக்கும் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும்தான் நடக்கிறது. "நல்ல பில்லிங் மென்பொருள், போட்டுப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுப்ப, மற்ற கடைக்காரர்களும் இறக்கிக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் குழுவில் யாரைச் சேர்ப்பது, எதை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பாளரை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. ஆரம்பித்தவர் அட்மின், அவருக்கு நேரமில்லை என்றால் கேட்டவரெல்லாம் அட்மின். கல்லாப்பெட்டிச் சாவியை இப்படிக் கொடுப்போமா?

மென்பொருளை எழுதி, இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள் உலகெங்கும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அவர்கள் பட்ட அனுபவம் நமக்கும் பாடம்.

'ஈவன்ட் ஸ்ட்ரீம்' என்பது ஏராளமான நிரல்களுக்குள் உதிரிபாகமாகப் பயன்பட்ட ஒரு சிறு மென்பொருள். எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவர், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்கவே, பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். 2018-ல் அந்தப் புதியவர் அதற்குள் ஒரு திருட்டு நிரலை நுழைத்தார். குறிப்பிட்ட ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்தது அது. விஷயம் வெளியே வரச் சில மாதங்கள் ஆயின.

அடுத்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தும் மென்பொருள். பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. இதை ஒரே ஒருவர் சம்பளமின்றிப் பல ஆண்டுகள் பராமரித்துவந்தார். 2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். ஒழுங்காக வேலை செய்தார். 2022-ல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை தாமதமாகிறது, பொறுப்பை இன்னொருவருக்கும் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். களைத்திருந்த அந்த மனிதர் ஜியா டானுக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில், வெளியாள் கம்ப்யூட்டருக்குள் புகுவதற்கான கள்ளக் கதவு இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் பிராய்ண்ட். தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். தராசு முள் இம்மியளவு சாய்வதைப் பார்த்துக் கலப்படக் கல்லைப் பிடித்ததைப் போன்றது இது. பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்குள் போகும் முன்பே ஆபத்து தடுக்கப்பட்டது.

இரண்டாண்டு உழைப்பைப் பார்த்தும் ஏமாந்தார்கள் என்றால், உழைப்பு மட்டும் நாணயத்துக்குச் சாட்சி ஆகாது. ஆள் யார் என்பதும் தெரிய வேண்டும். 1993-ல் தொடங்கிய 'டெபியன்' என்ற லினக்ஸ் குழு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. புதிதாகச் சேர விரும்புபவரை ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர் நேரில் சந்தித்து, அடையாளச் சான்றைப் பார்த்து உறுதி செய்வது அங்கே நெடுநாள் வழக்கம். தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜாமீன் சொல்ல ஆள் உண்டு, பதவிக்குக் காலவரையும் உண்டு.

நம் குழுக்களுக்கு நான் சொல்வது இவைதான்:

1. பொறுப்பாளர் நேரில் தெரிந்தவராக இருக்க வேண்டும். கடை எது, ஊர் எது என்று குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

2. ஒருவரிடம் மட்டும் விடக்கூடாது. இருவர் அல்லது மூவர் இருந்தால் ஒருவர் கண்ணில் தப்பியது மற்றவர் கண்ணில் படும். ஒருவரே சுமந்து களைத்துப்போகவும் மாட்டார்.

3. பதவியைத் தானாகக் கேட்டு வருபவரையும், அவருக்காக அவசரப்படுத்துபவரையும் நிதானமாகப் பாருங்கள். அவசரத்தில் பிடித்த சரக்கு கிடங்கில்தான் கிடக்கும்.

4. மென்பொருள் விற்றுக் கமிஷன் பெறுபவர் உறுப்பினராக இருக்கலாம், பொறுப்பாளராக வேண்டாம். தன் சரக்குக்குத் தானே தரச்சான்று கொடுப்பது முறையல்ல.

5. "கூடாது" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயரிட்டு வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. அனுப்பியவர் பழைய நண்பராக இருந்தாலும் அப்படிப்பட்ட கோப்பை உடனே நீக்க வேண்டும். பூட்டை உடைத்த திருட்டு நகல்களையும் அப்படியே. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவருக்குச் சலுகை காட்ட அதில் இடமுண்டு. நமக்கு அந்த இடமும் இல்லை.

6. ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவில் பொறுப்பாளர்களின் பெயரை வாசித்து, தொடரலாமா என்று கேளுங்கள். கடையை மூடியவர், ஊரை விட்டுப் போனவர், செல்போன் எண்ணை மாற்றியவர் ஆகியோரின் அட்மின் உரிமையை அன்றே எடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் படித்தவர்தான் இதற்கு வேண்டும் என்பதில்லை. தொழில்நுட்பம் தெரிந்த பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். பொறுமையும், தாட்சண்யம் பாராத நேர்மையும் உள்ள உறுப்பினரே இந்தப் பொறுப்புக்கு ஏற்றவர். உங்கள் கடைவீதிக் குழுவின் அட்மின்கள் யார் யார் என்று இன்றே திறந்து பாருங்கள். தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும், அவர் யார் என்று விசாரித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.