அரிசி போட்டும் சிட்டுக்குருவி வரலையா? காரணம் இதுதான்!

மொட்டை மாடியில் தினமும் அரிசி போடுறீங்க, தண்ணீரும் வைக்கிறீங்க. ஆனா வர்றது என்னவோ புறாவும் காக்காவும்தான். சிட்டுக்குருவி மட்டும் எட்டிக்கூடப் பார்க்கலையா? பிரச்னை அரிசியில் இல்லை, நம்ம வீட்டு அமைப்பில்தான் இருக்கு.

செல்போன் டவர்தான் காரணமா?

பலரும் நம்புவது இதைத்தான். ஆனால் 2020-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வேறு கதை சொல்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஓரளவு நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. டவர் கதிர்வீச்சுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்போ என்னதான் குறைஞ்சுபோச்சு?

முதலாவது, இடம். சிட்டுக்குருவி பெரும்பாலும் பொந்தில், சந்தில் கூடு கட்டும். ஓட்டு வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. கான்கிரீட் சுவரிலும் கண்ணாடி ஜன்னலிலும் அது எங்கே போகும்?

இரண்டாவது, பூச்சி. பெரிய குருவி தானியம் தின்னும். ஆனால் பொரித்த குஞ்சுக்குப் புழு, பூச்சிதான் சாப்பாடு. செம்பருத்தியில் அசுவினியைப் பார்த்ததும் மருந்து அடிச்சா, குஞ்சோட சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறோம்.

என்ன செய்யலாம்?

* மரப்பெட்டியோ, கெட்டியான அட்டைப்பெட்டியோ போதும். வாசல் துளை சுமார் 3.2 செ.மீ. இருக்கட்டும். மைனா நுழைய முடியாது.
* ஏழெட்டு அடி உயரத்தில், வெயிலும் மழையும் நேராக அடிக்காத சுவரில், பூனைக்கு எட்டாமல் மாட்டுங்க.
* கம்பு, தினை, நொய் தூவலாம். உப்பு போட்ட மிக்சர், முறுக்கு வேண்டாம்.
* தண்ணீருக்கு ஆழமில்லாத மண்தட்டு போதும். தினமும் கழுவி மாத்துங்க. இல்லைன்னா குருவிக்கு முன்னாடி கொசு வந்துடும்.

வீட்டுக்குள்ளேயே கூடு கட்டினா?

சின்ன வயசில், எங்க வீட்டு ஹாலில் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. ஒருநாள் அது ஃபேனில் அடிபட்டு விழுந்தது. சாயங்காலம் வரை கூட்டில் குஞ்சுகள் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கு. அதனால் பெட்டியை வெளிச்சுவரிலேயே மாட்டுங்க. அதையும் மீறி உள்ளே கட்டிவிட்டால், அந்த அறை ஃபேனுக்கு லீவு விடுங்க. முட்டையிட்டதில் இருந்து குஞ்சு பறக்க சுமார் ஒரு மாதம்தான்.

ஒரு மாதம் ரொம்ப அதிகம்னு தோணுதா? 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டியது. குஞ்சுகள் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேல், அந்த ஊரே தெருவிளக்கு போடாமல் இருட்டில் நடந்தது.

நம்மகிட்ட குருவி கேட்கிறது ஒரே ஒரு ஃபேன்தான்!