லாக் ஃபைல் இல்லாத காரை டீபக் பண்றது எப்படி?



லாக் எழுதாத பழைய சிஸ்டத்தை எப்படி டீபக் பண்றதுன்னு இந்த வார எபிசோட்ல பேசினோம். அதுல போற போக்குல சொன்ன கிளாசிக் மினி உதாரணத்தை இங்க விரிவா பார்ப்போம்.

1959ல பிரிட்டன்ல அறிமுகமான கார் இது. பழைய மினில சென்சார் இல்ல, இசியு இல்ல, ஓபிடி போர்ட்டும் இல்ல. பெட்ரோலையும் காத்தையும் கலக்குறது எஸ்யூ கார்புரேட்டர்.

கார் திணறினா பலரும் முதல்ல கை வைக்கிறது மிக்ஸ்சர் நட்டுல. கோளாறு எங்கன்னு பார்க்காமலே கான்ஃபிக் ஃபைலை மாத்துற மாதிரிதான் இது. நேத்து வரைக்கும் நல்லா ஓடின கார்ல அந்த நட்டு தானா திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு. பிளக்ல ஸ்பார்க் வருதுன்னு உறுதி பண்ணிட்டு, பெட்ரோல் எது வரைக்கும் வருதுன்னு பாருங்க.

பாதை இதுதான்: டேங்க், பம்ப், ஹோஸ், ஃப்ளோட் சேம்பர், ஜெட். நம்ம பைனரி சர்ச் மாதிரி நடுவுல பிரிச்சுப் பாருங்க. இஞ்சின் நல்லா ஆறினதும், திறந்த வெளியில, தீயணைப்பானைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, இக்னிஷன் காயில் வயரைக் கழட்டிடுங்க. கார்புரேட்டருக்குள்ள போற ஹோஸை கழட்டி ஒரு டப்பாவுல விட்டு, ஸ்டார்ட்டரை சில நொடி சுத்த விடுங்க.

பெட்ரோல் வரலையா? கோளாறு அதுக்கு முன்னாடி இருக்கு. ஆரம்பகால மினில மின்சார பம்ப். சாவியைத் திருப்பினதும் டிக் டிக்னு அடிச்சு, சேம்பர் நிறைஞ்சதும் நிக்கணும். இந்தக் கார்ல லாக்னு சொல்லணும்னா அந்த சத்தம்தான். சத்தமே இல்லன்னா வயர், எர்த், இல்லன்னா பம்போட கான்டாக்ட் பாயின்ட். நிக்காம அடிச்சா டேங்க் காலி, எங்கயோ காத்து இழுக்குது, இல்லன்னா ஃப்ளோட் வால்வு மூடல. பிற்கால மினில இருக்கிற மெக்கானிக்கல் பம்ப்ல டயஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம்.

கொஞ்ச தூரம் நல்லா ஓடி நின்னு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஸ்டார்ட் ஆகுதா? அடுத்த தடவை நின்னதும் டேங்க் மூடியைத் திறங்க. 'உஸ்'னு காத்து உள்ள போனா, காத்து போற வழி அடைச்சிருக்கு.

பெட்ரோல் துடிப்பு துடிப்பா நல்லா கொட்டுதா? அப்போ கோளாறு கார்புரேட்டர் பக்கம். ஃப்ளோட் சேம்பர், டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் மாதிரி. மிதவை ஏறினதும் ஊசி வால்வு மூடிக்கும். அதுல ஒரு துளி தூசி சிக்கினா பெட்ரோல் பொங்கி வழியும். ஊசி மூடினபடியே ஒட்டிக்கிட்டா பட்டினிதான். ஏர் ஃபில்டரைக் கழட்டி பிஸ்டனை விரலால தூக்கி விடுங்க. 'டக்'குனு விழலைன்னா எங்கயோ உரசுது. மேல டேம்பர்ல எண்ணெய் இல்லன்னா, ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் கார் ஒரு நொடி தயங்கும்.

இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் மிக்ஸ்சர் நட்டுக்கு வாங்க.

பொங்கி வழியறதை சாதாரணமா விடாதீங்க. மினில கார்புரேட்டருக்கு நேர் கீழ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். அந்த சூட்டுல பெட்ரோல் சொட்டினா தீப்பிடிக்கலாம். 2021 செப்டம்பர்ல இருந்து பிரிட்டன்ல சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10% வரைக்கும் எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸை அரிச்சு வெடிக்க வைக்கும். எத்தனால் தாங்குற ஆர்9 ரக ஹோஸா மாத்துங்க. முடிஞ்சா இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்க.

40 வருஷம் தாண்டின, பெருசா மாத்தப்படாத காருக்கு இங்க எம்ஓடி சோதனை கட்டாயமில்ல. அதனால அந்த ஹோஸை வேற யாரும் பார்க்கப் போறதில்ல. ஓட்டுறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து ஒரு தடவை மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சா அன்னைக்கு பஸ்ல போங்க.

உங்ககிட்ட பழைய வண்டி இருந்தா, அது பண்ற சேட்டையை ரிப்ளைல எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!