நரம்பை எடுத்த பல் ஏன் வலிக்கிறது?

ரூட் கெனால் முடிந்த அன்றிரவோ மறுநாளோ சிலருக்கு அந்தப் பல் மறுபடி விண்விண்ணென்று தெறிக்கும். நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, இனி வலிக்க என்ன இருக்கிறது? விடை பல்லுக்குள் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது.

இந்தச் சிகிச்சையில் அகற்றப்படுவது பல்லின் நடுவே இருக்கும் கூழ். ரத்தக் குழாய்களும் நரம்பிழைகளும் பின்னிய மென்திசு. ஆனால் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் இன்னொரு திசு உண்டு. பல்லை எலும்போடு பிணைப்பது அதுதான். அதற்குத் தனி நரம்புகள் இருக்கின்றன. சோற்றில் கிடக்கும் சிறு கல்லைக் கடித்த கணமே தாடை நின்றுவிடுகிறதே, அந்தக் கூர்மை இவற்றுடையது. ரூட் கெனால் இவற்றைத் தொடுவதில்லை.

வேர்க்குழாயைச் சுரண்டிக் கழுவும்போது செத்த திசுத் துணுக்குகளும் பாக்டீரியாக்களும் சில நேரம் வேர்நுனியைத் தாண்டி வெளியேறிவிடும். உடனே வெள்ளணுக்கள் அங்கே திரளும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். சுற்றிலும் எலும்பு என்பதால் வீங்க இடமில்லை, அழுத்தம் ஏறும். கூடவே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் நரம்புகளை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவரும். நாக்கு பட்டாலே வலிப்பது இதனால்தான்.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று லண்டனில் ஆய்வாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார். இதற்காக 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஐபுபுரோஃபென் வேலை செய்வதும் இவ்வழியில்தான். பாராசிட்டமால் பெரிதும் மூளை, தண்டுவடம் வழியாக வலியைக் குறைக்கிறது. பாதைகள் வேறு என்பதால் இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறது. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஐபுபுரோஃபென் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் அதைத் தொடக் கூடாது.

பலர் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இந்த வலியை அடக்காது. அது பாக்டீரியாவைத் தாக்கும் மருந்து. புரோஸ்டாகிளாண்டினை ஒன்றும் செய்யாது. ரத்த ஓட்டம் அற்றுப்போன வேர்க்குழாய்க்குள் போய்ச் சேரவும் அதற்கு வழியில்லை. உடல்நலமுள்ள பெரியவர்களுக்குப் பல்வலியில் பெரும்பாலும் அது வேண்டாம் என்றே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் அதற்கு வேலை.

பெரும்பாலும் இந்த வலி இரண்டு மூன்று நாளில் தணியும். தணியாவிட்டால் சிகிச்சை செய்த மருத்துவரிடமே திரும்பப் போக வேண்டும். விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.