அரசனின் ஆட்சிக் கணக்கைத் திருத்திய எருமைக்காரன்

ஒரு மாட்டுச் சண்டையில் செத்துப்போன மனிதனும் அவனுடைய நாயும் சேர்ந்து, காஞ்சிப் பல்லவனின் ஆட்சிக் கணக்கையே மாற்றியிருக்கிறார்கள். சாட்சி, ஒரே ஒரு பலகைக் கல்.

திருப்பத்தூரிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் போகும்போது இடப்பக்கம் ஜவ்வாது மலை கூடவே வரும். இந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் வயல் ஓரத்திலும் வேப்பமரத்தடியிலும் வில்லோடு நிற்கும் வீரன் செதுக்கிய கற்களைப் பார்க்கலாம். பல ஊர்களில் மக்கள் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆநிரை கவரும் சண்டையிலும் காக்கும் சண்டையிலும் மாண்டவர்களுக்கு நட்டவை, அதாவது நடுகற்கள். செங்கம் வட்டாரக் கற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் தொகுத்து நூலாக வெளியிட்டது.

நூற்றாண்டுக்கணக்கில் எண்ணெயும் மஞ்சளும் ஏறிய கல்லை எப்படிப் படிப்பது? முதலில் பக்குவமாகக் கழுவுகிறார்கள். ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் அமுக்குகிறார்கள். தாள் காயும் பதத்தில் மைப்பொதியால் ஒற்றினால் மேடெல்லாம் கறுக்கும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். வெறும் கண்ணுக்குக் கீறலாகத் தெரிந்தது தாளில் எழுத்தாக எழுந்து வரும்.

அப்படி வெளிப்பட்டதுதான் எடத்தனூர்க் கல். செங்கத்துக்குத் தெற்கே, தண்டராம்பட்டுப் பக்கம் உள்ள ஊர். கல்லில் இருப்பது வட்டெழுத்து, வளைவுகள் மிகுந்த பழைய தமிழ் எழுத்து. செய்தியின் ஒழுங்கைப் பாருங்கள்: எந்த அரசன், எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், பெயர் என்ன, எதனால் செத்தான். இன்றைய இறப்புச் சான்றிதழில்கூட இவ்வளவு கதை இருக்காது! அரசன், காஞ்சிப் பல்லவன் மகேந்திரவர்மன்; ஆண்டு 34. வாணர் குலத் தலைவனைச் சார்ந்தவர்களின் வீரனான கருந்தேவக்கத்தி எருமைகளுக்காக மாண்டான். வீரனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, தனி வாசகத்தோடு. கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாம். பெயர் கோவிவன் என்று படித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பல பெரிய மனிதர்களின் பெயர்கூட அந்தக் காலத்திலிருந்து நமக்கு வந்து சேரவில்லை.

இந்த 34 எந்த 34? கல்லில் கி.பி. கிடையாது. பெரிய மகன் பிறந்து நாலாம் வருஷம் கிணறு வெட்டினோம் என்று பாட்டி சொல்வாளே, அதே கணக்குதான். அரசன் பட்டமேறிய ஆண்டு 1. அங்கிருந்து எண்ண வேண்டும். பெரிய மகன் பிறந்த வருஷம் தெரியாவிட்டால் கிணற்றின் வயதும் தெரியாது.

முடிச்சை அவிழ்க்கக் கர்நாடகம் போக வேண்டும். மகேந்திரனோடு போரிட்ட சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளை ஐஹொளெக் கல்வெட்டு பாடுகிறது. அதில் சக ஆண்டு 556 என்று இருக்கிறது. 78 கூட்டினால் கி.பி. 634. ஆக, 634-இல் புலிகேசி அரியணையில் இருந்தான். பின்னர் மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். அங்கே பாறையில் தன் 13-ஆம் ஆட்சியாண்டில் எழுத்து வெட்டி வைத்தான். அந்தப் படையெடுப்பு ஏறக்குறைய 642 என்று கொள்கிறார்கள். 642-இல் 12 கழித்தால் மகன் பட்டமேறியது 630. தந்தையின் ஆட்சி முடிந்ததும் அப்போதுதான்.

பழைய பாடநூல்கள் மகேந்திரனுக்கு 600 முதல் 630 வரை கொடுத்திருந்தன. முப்பது ஆண்டுக்குள் முப்பத்து நான்காவது ஆண்டு எப்படி அடங்கும்? எடத்தனூர்க் கல்லை நம்பினால், அவன் 597-க்குப் பிறகு பட்டமேறியிருக்கவே முடியாது. இப்போது பலர் 590 என்கிறார்கள். 580 என்போரும் உண்டு. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் குடைந்ததாக வடமொழியில் பெருமையாக எழுதி வைத்தவன், தன் ஆட்சி எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல ஓர் எருமைக்காரன் சாக வேண்டியிருந்தது.

எனக்கு இதில் பெரிய வியப்பு வேறு. காஞ்சி எடத்தனூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். தபால் இல்லை, நாட்காட்டி இல்லை. அப்படியும் மாடு மேய்க்கும் ஓர் ஊரில், அரசனுக்கு இது முப்பத்து நான்காவது ஆண்டு என்று எண்ணிச் சொல்ல ஒருவர் இருந்திருக்கிறார். அதைக் கல்லில் வெட்ட எழுத்தறிந்த கையும் இருந்திருக்கிறது.

சாவு நடந்த ஆண்டு? 580 கணக்கில் 613. 590 கணக்கில் 623, அதாவது சீனத்தில் தாங் வம்சம் தொடங்கி ஐந்து ஆண்டு, முகமது நபி மதீனா சென்று ஓர் ஆண்டு. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்தே வருவதுண்டு. அவற்றைப் பஞ்சாங்கக் கணிதத்தில் பின்னோக்கி ஓட்டினால் நாளையே பிடித்துவிடலாம். எடத்தனூரில் அந்த வசதி இல்லை. ஆனால் இந்த மலைச்சரிவுகளில் எண்ணெய்ப் பிசுக்குக்குள் படிக்கப்படாத கல் ஒன்றில் மகேந்திரனின் 40-ஆம் ஆண்டு என்று கிடைத்தால் போதும்: 590 என்பவர்களுக்கு மிஞ்சுவது ஒரே ஓர் ஆண்டு இடைவெளி.