நிற்பவர்க்கு ஓர் இருக்கை

தம்பானூரில் இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்திருப்பதால், சுற்றியுள்ள கடைகளில் கூட்டம் ஓய்வதில்லை. பல்பொருள் அங்காடியில் பில் போடும் பெண்ணின் கைவேகத்தை வியக்கும் நாம், அவள் கால்களை நோக்குவதில்லை. ஆள் இல்லாத வேளையிலும் உட்காரலாகாது என்பது பல கடைகளில் எழுதாத விதியாக இருந்தது.

கழிப்பறை வசதி கேட்டுக் கோழிக்கோட்டில் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு, தையற்கலைஞர் பி. விஜியின் தலைமையில் இதனையும் எதிர்த்தது. அதன் பயனாக, 1960ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைக் கேரள அரசு 2018இல் திருத்தி, இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கிற்று. தமிழ்நாடு 2021இல் பின்தொடர்ந்தது.

வரிசை நீளும் மாலையில் அமர நேரம் வாய்ப்பது அரிதே. எனினும், அங்குப் பணிபுரியும் நம் தமிழருக்கும் அந்த இருக்கை உரியது. மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறை அலுவலரிடம் முறையிடலாம்.