மெய்யான மின்னழுத்தத்தைக் காட்டும் மானி

ஆடலோட்ட மின்னழுத்தம் கணந்தோறும் மாறுவது. அதனை ஒரே எண்ணாற் குறிப்பதற்கு வெப்பமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஒரு தடையில் அது விளைக்கும் வெப்பத்துக்குச் சமமான வெப்பத்தை விளைக்கும் நேரோட்ட அழுத்தம் யாதோ, அதுவே அதன் மெய்யான பெறுமானம். கணப் பெறுமானங்களை வர்க்கித்து, இடை கண்டு, வர்க்கமூலம் எடுத்தலாற் பெறப்படுவதால் இது வர்க்க இடைமூலம் எனப்படும். இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் 230 உவோற்று இத்தகையதே. அதன் உச்சம் ஏறத்தாழ 325 உவோற்று.

மலிவான பல்மானிகள் பல வர்க்கிப்பதில்லை. அவை அலையைச் சீராக்கிச் சராசரி கண்டு, அதனை 1.11 ஆற் பெருக்கிக் காட்டுவன. அவ்வெண் சைன் அலைக்கே உரியது. சதுர அலையை அளப்பின் மானி 11 சதவீதம் மிகுத்துக் கூறும். முக்கோண அலையை ஏறக்குறைய 4 சதவீதம் குறைத்துக் கூறும். இவை பொறுக்கத்தக்க வழுக்களெனக் கொள்ளினும், ஒவ்வோர் அரைச்சுற்றின் முற்பாதியையும் தடுத்துப் பிற்பாதியை மாத்திரம் செல்லவிடும் கட்டுப்படுத்தியில் நிகழ்வது வேறு. 230 உவோற்று வழங்கலில் அதன் வெளியீடு மெய்யாக 163 உவோற்றளவினது. சராசரி மானி காட்டுவதோ 115. அதனை நம்புபவன், வெப்பமாக்கி முழுவலுவின் காற்பங்கையே பெறுகின்றதெனக் கணிப்பான். உண்மையில் அது பெறுவது அரைப்பங்கு. கம்பி சூடேறுவது மானியின் எண்ணைப் பார்த்தன்று.

எனவே சிக்கலான அலைகளுக்கு மெய் வர்க்க இடைமூல மானியே வேண்டும். ஆயினும் அப்பெயர் பொறித்திருத்தல் மட்டும் போதாது. உச்சத்துக்கும் வர்க்க இடைமூலத்துக்கும் உள்ள விகிதம் உச்சக்காரணி எனப்படும். சைன் அலைக்கு அது 1.41, காலத்தின் 25 இல் ஒரு பங்கே நிலைக்கும் துடிப்புக்கோ 5. முழுவீச்சில் 3 வரையே தாங்கும் மானி அத்துடிப்பின் உச்சியை வெட்டிவிடும். மேல் வீச்சுக்கு மாற்றி, பாதியளவிற்குக் கீழே அளப்பின் தாங்குமளவு ஏறத்தாழ இருமடங்காகும். கூரிய துடிப்புக்களில் உயர்ந்த மீடிறன்களும் அடங்குவதால், அவற்றையும் மானி ஏற்கின்றதா எனக் கையேட்டில் நோக்கல் வேண்டும்.

நேரோட்டக் கூறு கலந்திருப்பின், பல மானிகள் ஆடற்கூற்றை மட்டுமே காட்டும். அப்போது இரண்டையும் தனித்தனி அளந்து, வர்க்கங்களைக் கூட்டி மூலம் காணலாம்: 3 உவோற்று நேர்க்கூறும் 4 உவோற்று ஆடற்கூறும் சேர்ந்து 5 உவோற்றாகும்.

ஆய்வுகூடத்துப் பழைய இயங்கும் இரும்பு மானியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதன் ஊசியைத் திருப்பும் விசை ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், செக்கனுக்கு 50 சுற்றளவான மீடிறனில் அது இயல்பாகவே ஏறத்தாழ மெய்ப்பெறுமானத்தைக் காட்டும். மீடிறன் உயரச் சுருளின் தூண்டலால் வழு மிகும்.